பத்மினிக்கு க்ரீம் கிடைக்குமா?

கார் பெயிண்ட் விற்கிறவனுக்கு உலகத்தில் இரண்டே நிறங்கள்தான்: வந்தவர் கேட்கிற நிறம், கடையில் இருக்கிற நிறம். இவை இரண்டும் ஒன்றாக அமைந்த நாளை நான் இன்னும் பார்க்கவில்லை. கடை வைத்து அவதிப்படும் உங்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. துணி, பலசரக்கு, மருந்து என்று நீங்கள் எதை விற்றாலும், இல்லாததைத்தான் உங்களிடமும் கேட்டிருப்பார்கள்.

மேற்குத் தாம்பரத்தில், முடிச்சூர் ரோட்டில் எனக்கு ஒரு சின்னக் கடை. நாலைந்து டின்களிலிருந்து எடுத்துக் கலந்து, வண்டியின் நிறத்துக்குச் சரியாக வரும்படி செய்து கொடுப்பது தொழில். பக்கத்துத் தகர ஷெட் காசிம் பாயுடையது. நான் கலப்பேன், அவர் அடிப்பார். கெட்டுப்போனால் நான் கலந்தது தவறு என்று அவரும், அவர் அடித்தது தவறு என்று நானும் சொல்வோம். இப்படியே எங்கள் தலை நரைத்துவிட்டது.

முன்பு எல்லா பெயிண்ட்டும் தின்னர் ஊற்றிக் கலக்குவதாகத்தான் இருந்தது; லாக்கர் என்போம். மூடியைத் திறந்தால் தெருக்கோடி வரை வாசனை போகும். இப்போது தண்ணீர் ஊற்றிக் கலக்கும் பெயிண்ட் வந்துவிட்டது. நுரையீரலுக்கு நல்லது என்கிறார்கள். நல்லதாகத்தான் இருக்கும். ஆனால் பழைய கார் வைத்திருப்பவர்கள் பழைய பெயிண்ட்தான் வேண்டும் என்று வந்து நிற்கிறார்கள். அப்படி நிற்பவர்களில் மிகவும் பிடிவாதக்காரன் நானே. என்னிடம் ஒரு பத்மினி கார் இருக்கிறது.

வெள்ளத்தில் நனைந்த நாளிலிருந்து அதற்குத் துரு பிடித்துக்கொண்டே இருந்தது. கடைசியில் ஒரு நாள் காசிம் பாய் எல்லாவற்றையும் சுரண்டி எடுத்துவிட்டு, சிவப்பு பிரைமர் அடித்து நிறுத்தினார். அதன் மேல் பழைய க்ரீம் கலரை, பழைய வகை பெயிண்ட்டிலேயே அடிப்பது என்று நான் முடிவு செய்தேன். அந்த முடிவிலிருந்துதான் எல்லாம் ஆரம்பித்தது.

லோடு வண்டி

என் மனைவி சுமதி குரோம்பேட்டையில் ஒரு பெரிய ஜவுளிக்கடையில், புடவைப் பிரிவில் வேலை செய்கிறாள். காலையில் அவளைக் கொண்டுபோய் விட்டுவிட்டுத் திரும்பி வந்து கடை திறப்பது என் வழக்கம். பிரைமர் அடித்த மறுநாளும் அப்படியே போனோம். ஜவுளிக்கடை வாசலில் வாட்ச்மேன் விசில் ஊதிக்கொண்டு ஓடி வந்தார். கூரையிலிருந்து கதவு வரை செங்கல் நிறத்தில் ஒரு வண்டி வந்தால் அவரும் என்ன செய்வார்? உள்ளே யார் என்று பார்க்கவில்லை. பானெட்டில் இரண்டு தட்டு தட்டி, "லோடெல்லாம் பின்னாடி கேட்டு! பின்னாடி கேட்டு!" என்றார்.

கண்ணாடிக்கு வெளியே சுமதியோடு வேலை செய்யும் பெண்கள் நாலு பேர் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் பின்னால் ஒரு மினி லாரி ஹாரன் அடித்தது. வேறு வழியில்லாமல் பின் கேட்டுக்கே போனேன். அட்டைப் பெட்டிகளுக்கு நடுவில் சுமதி இறங்கினாள். புடவையை உதறிச் சரிசெய்துகொண்டு, குனிந்து, மிகவும் நிதானமாகச் சொன்னாள்: "பிரைமர்ங்கிறது உள்பாவாடை மாதிரின்னு நீங்கதானே எல்லாருக்கும் சொல்வீங்க? அதோட ரோட்டுக்கு வந்திருக்கீங்க. இதுக்கு மேல ஏதாவது உடுத்துற வரைக்கும் நான் இதுல ஏறமாட்டேன்."

தண்ணி ஆகாது

உடனே ஏதாவது ஒரு கலரை அடித்திருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். சுமதியும் கேட்டாள். கடையில் டின்களுக்கா பஞ்சம்? ஆனால் அந்தக் கார் எங்களிடம் வந்தபோது க்ரீம். அதுவும் தின்னர் பெயிண்ட். பழைய காருக்குப் புதுப் பெயிண்ட் அடிப்பது, தாத்தாவுக்கு பெர்முடாஸ் போட்டுவிடுவது போல என்று எனக்குத் தோன்றியது. இது கொள்கையா, வெறும் வீம்பா என்று படுக்கையில் புரண்டு யோசிப்பேன். சில சமயம் கொள்கை என்று படும். பக்கத்தில் சுமதி திரும்பிப் படுத்தால் வீம்பு என்று படும்.

இந்தக் குழப்பத்தில் இருந்தபோதுதான் முடிச்சூரிலிருந்து ஒருவர் தன் பழைய வேனுக்கு பெயிண்ட் கேட்டு வந்தார். மற்றவருக்காவது நல்ல புத்தி சொல்வோம் என்று, தண்ணீரில் கலக்கும் பெயிண்ட்டைப் பற்றி நன்றாக எடுத்துச் சொன்னேன். வாசனை கிடையாது, கண் எரியாது, அடிக்கிறவருக்கும் நல்லது. அவர் பொறுமையாகக் கேட்டார்.

"தண்ணி பெயிண்ட்டா?"

"ஆமாம் சார்."

"சார், எங்க வேன் வெள்ளத்துல மூணு நாள் முழுகிக் கிடந்துச்சு. சீட்டுக்கடியில மீன் புடிச்சோம். அன்னியிலேர்ந்து அதுக்கு தண்ணின்னாலே ஆகாது. வாஷ்கூட துணியிலதான் தொடைக்கிறேன்."

அது வேறு தண்ணீர், இது வேறு என்று சொல்லிப் பார்த்தேன். உதவிக்குக் காசிம் பாயைக் கூப்பிட்டேன். அவர் அன்று தம்முடைய ஆள் ஒருவர் வேலைக்கு வராத கடுப்பில் இருந்தார். "பெயிண்டர் நேத்துலேர்ந்து தண்ணியில கீறான் சார், நீ பெயிண்ட்டையும் தண்ணியில போடு, நல்லா வெளங்கும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். வேன்காரர் முகம் தெளிந்துவிட்டது. மேஜையைத் தட்டித் தீர்ப்புச் சொன்னார்: "பெயிண்டர் தண்ணியில இருந்தாலும் பரவால்ல சார். பெயிண்ட் தண்ணியில இருக்கக் கூடாது."

சாம்பிள்

நிறத்துக்கு நம்பர் இருக்கிறது. அந்த நம்பரை வாடிக்கையாளர் யாரும் சொன்னதில்லை. "கிளிப்பச்சைக்கும் வேப்பிலைக்கும் நடுவுல", "டீ கடை டீ மாதிரி இல்ல, வீட்டு டீ மாதிரி" என்றெல்லாம் சொல்வார்கள். கேட்டுக்கொள்வேன். ஒருவர் தன் பழைய காருக்கு மைசூர்பாகு கலர் வேண்டும் என்றார். எந்த மைசூர்பாகு என்று கேட்டேன். வாயில் போட்டால் கரைவதா, பல்லைப் பெயர்ப்பதா? இரண்டும் வேறு வேறு நிறம். மறுநாள் காகிதத்தில் மடித்து ஒரு துண்டு கொண்டுவந்து வைத்துவிட்டு, மாலையில் வருவதாகச் சொல்லிப் போனார்.

அன்று முழுக்க அந்தத் துண்டை வெளிச்சத்தில் வைத்து மஞ்சளில் ஒரு சொட்டு, பழுப்பில் அரைச் சொட்டு என்று சேர்த்துக்கொண்டே இருந்தேன். இதில் ஒரு சிக்கல் உண்டு. நெருங்க நெருங்க, நெருங்கிவிட்டோமா என்று தெரியாது. என் கண்ணை நானே சந்தேகப்பட ஆரம்பித்து, முகம் கழுவிவிட்டு வரப் போனேன். வந்து பார்த்தால் காகிதம் மட்டும் இருக்கிறது. சற்று நேரத்தில் வாடிக்கையாளரும் வந்து சாம்பிள் எங்கே என்றார். நான் காசிம் பாயைப் பார்த்தேன். அவர் வாயைத் துடைத்துக்கொண்டு, நான் கலந்த டின்னுக்குள் எட்டிப் பார்த்தார். "கலரு கரெக்டா கீது சார். இனிப்புதான் கொஞ்சம் கம்மி."

தெரிந்த முகம்

சுமதி பஸ்ஸில் போய் வர ஆரம்பித்தாள். மற்றபடி எங்களுக்குள் சண்டை கிடையாது. சாப்பாடு போடுவாள், சீரியல் கதை சொல்வாள், காரைப் பற்றிப் பேச்சு வந்தால் மட்டும் எழுந்து போய்விடுவாள். எனக்குத்தான் தாங்கவில்லை. இடது பக்க சீட் காலியாக இருக்கும்போது அந்தக் கார் ஒரு பக்கமாகச் சாய்ந்து ஓடுவதுபோல ஒரு பிரமை.

ஒரு சாயங்காலம் கடையைக் காசிம் பாயைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, குரோம்பேட்டை பஸ் ஸ்டாப்புக்குப் போனேன். கூட்டத்தில் சுமதி நின்றுகொண்டிருந்தாள். காரை ஓரமாக ஊர விட்டு, கண்ணாடியை இறக்கி, "ஏறு சுமதி, வா" என்றேன். அவள் ஆகாயத்தைப் பார்த்தாள். நாலு அடி தள்ளி நின்றாள். நானும் நாலு அடி நகர்ந்தேன். இப்படியே ஸ்டாப்பின் நீளத்துக்குப் போனோம். அதற்குள் ஒரு கல்லூரி மாணவர் பாய்ந்து வந்து, "யோவ் பெரிசு, இன்னா, வயசுக்கேத்த வேலையப் பாக்க மாட்டியா?" என்று ஜன்னலில் கையை வைத்தார். "இவங்க என் மனைவிப்பா" என்றேன். "எல்லாரும் அதத்தான் சொல்றாங்க" என்றார் அவர்.

பக்கத்தில் நின்ற அம்மாள் ஒருவர் சுமதியிடம், "யாரு இவரு? உங்களுக்குத் தெரிஞ்சவரா?" என்று விசாரித்தார். பஸ் ஸ்டாப் முழுவதும் அந்தப் பதிலுக்குக் காத்திருந்தது. சுமதி என்னை நன்றாகப் பார்த்தாள். காரையும் பார்த்தாள். "எங்கேயோ பாத்த முகமாதான் இருக்கு. தாம்பரம் பக்கமா இருக்கும்."

செக்கச்செவேல்

இனி தாமதிக்கக் கூடாது என்று, அந்தப் பழைய பெயிண்ட்டைத் தேடிப் பாரிமுனைக்கே போனேன். கடை கடையாக ஏறி இறங்கினேன். அவர்களும் என்னைப் போன்றவர்கள்தானே. இல்லை என்பதை விதவிதமாகச் சொன்னார்கள். திரும்பி வரும்போது மின்சார ரயிலில் ஜன்னலோர சீட் கிடைத்தது. தெரிந்த வியாபாரி ஒருவருக்கு போன் போட்டேன். வண்டிச் சத்தத்தில் கொஞ்சம் உரக்கத்தான் பேச வேண்டியிருந்தது.

"நம்ம பத்மினிக்கு க்ரீம் கிடைக்குமாண்ணே? ஊரெல்லாம் தேடிட்டேன். பழைய க்ரீம்தான் வேணும், புது க்ரீம் அதுக்கு ஒத்துக்காது. இல்லண்ணே, இப்ப மேலே ஒண்ணுமே இல்ல. எல்லாத்தையும் சுரண்டியாச்சு. செக்கச்செவேல்னு நிக்குது. என் சம்சாரம் அது இருக்கிற பக்கமே வரமாட்டேங்குறா."

போனை வைத்துவிட்டு நிமிர்ந்தால், எதிர் சீட்டே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. வாயில் வைத்த வேர்க்கடலையைக்கூட ஒருவர் மெல்லவில்லை. சானடோரியம் வந்ததும் இறங்க எழுந்த ஒரு பெரியவர், போகிற போக்கில் என் தோளில் கை வைத்தார். அவர் குரலில் அவ்வளவு பரிவு. "க்ரீமெல்லாம் போடாதீங்க தம்பி, இன்னும் செவந்துடும். முதல்ல நல்ல ஸ்கின் டாக்டரா பாத்துக் காட்டுங்க."

வெள்ளை அரக்கு

ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் எங்கள் தெருவில் இருக்கிறார். கலப்பில்லாத தமிழில்தான் பேசுவார். அவர் ஒரு நாள் கடைக்கு வந்து, "ஐயா, என் மகிழுந்துக்கு அரக்கு வேண்டும். பழைய முறையில் செய்தது. கிடைக்குமா?" என்று கேட்டார்.

அரக்குக்கு எனக்குப் பாடம் தேவையில்லை. சுமதியின் கல்யாணப் புடவை அரக்கு. ஐம்பது புடவை விரித்துப் போட்டாலும் அவள் கை முதலில் அரக்கின் மேல்தான் போய் நிற்கும். அதை மெரூன் என்று சொல்லிவிட்டால் அன்று வீட்டில் ரசம் கிடையாது. எனவே மிகுந்த கவனத்தோடு, சிவப்பில் கொஞ்சம் கறுப்பும் கொஞ்சம் பழுப்பும் சேர்த்து, அசல் அரக்கு நிறத்தைக் கலந்து நீட்டினேன். ஆசிரியர் டின்னைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "என் வண்டி வெண்ணிறமாயிற்றே" என்றார்.

"நீங்கதானே ஐயா அரக்கு கேட்டீங்க?"

"ஆம். வெள்ளை அரக்கு."

எனக்குத் தலை சுற்றியது. நிற விஷயத்தில் கடைசி நீதிமன்றம் சுமதிதான். போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்து, வெள்ளை அரக்கு என்று ஒன்று உண்டா என்று கேட்டேன். "வெள்ளை அரக்கா? எங்க கடையில யாராவது அப்படிக் கேட்டா, ஃபேனுக்கடியில உக்கார வெச்சு மோர் குடுப்போம்" என்றாள் சுமதி.

ஆசிரியர் கோபப்படவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அரக்கு என்பது ஒருவகைப் பூச்சி மரக்கிளையில் உண்டாக்கும் பிசின். அதிலிருந்து செய்யும் மெருகுக்கும் அதே பெயர். நீங்கள் லாக்கர், லாக்கர் என்று கூவி விற்கிற பழைய பெயிண்ட்டைத் தமிழில் அரக்கு என்றுதானே சொல்ல வேண்டும். அந்தப் பிசின் சிவப்பாக இருப்பதால்தான் நிறத்துக்கும் பெயர் வந்தது என்று விளக்கினார். பிறகு போனை நோக்கிக் குனிந்து, சுமதிக்கும் சேர்த்துக் கேட்டார்: "அரக்கு மாளிகை என்றால் மெரூன் வண்ணம் அடித்த பங்களா என்றா அம்மா நினைத்தீர்கள்?"

மூடியில் ஒரு பொட்டு

கடைசியில் கிடைத்தது. பாரிமுனையில் கிடைக்காதது குரோம்பேட்டையில், சுமதியின் கடையிலிருந்து கூப்பிடு தூரத்தில், ஒரு பழைய ஹார்டுவேர் கடைப் பரணில் இருந்தது. லேபிள் பாதி கிழிந்திருந்தது. தின்னரில் கலக்குவது என்பது மட்டும் தெரிந்தது. பெயிண்ட் கடைக்காரர்கள் உள்ளே என்ன கலர் என்று தெரிவதற்காக மூடியில் ஒரு பொட்டு வைப்பது வழக்கம். அந்த வெள்ளை மூடியிலும் ஒரு பொட்டு இருந்தது. அசல் க்ரீம். வாசலுக்குக் கொண்டுவந்து வெயிலில் பார்த்தேன். சாய்த்துப் பார்த்தேன். ஒரு கண்ணை மூடிப் பார்த்தேன். வாழ்நாளெல்லாம் நிறம் பார்த்த கண் சொல்கிறது, க்ரீம்தான்.

ஞாயிற்றுக்கிழமை சுமதியையும் வரச் சொன்னேன். ஷேர் ஆட்டோவில் வந்தாள். கையில் மஞ்சள் பையில் நாலு எலுமிச்சம்பழம். புது நிறத்தில் வண்டி புறப்படும்போது டயருக்கு அடியில் வைக்க வேண்டுமாம். அவள் முகத்தில் இருந்த சிரிப்பைப் பார்த்து, வீம்பு இல்லை, கொள்கைதான் என்று அன்று முடிவே செய்துவிட்டேன். காசிம் பாய் கம்ப்ரசரை ஓட விட்டு, ஸ்க்ரூ டிரைவரால் மூடியை நெம்பினார்.

உள்ளே இருந்தது விளக்கெண்ணெய் மாதிரி ஏதோ ஒன்று. அடிவரை தெரிந்தது. குச்சி விட்டுக் கிளறினால் குச்சியும் தெரிந்தது. நிறமே இல்லாத க்ளியர் லாக்கர். எல்லாப் பெயிண்ட்டுக்கும் மேலே கடைசியில் பளபளப்புக்காக அடிப்பது. பழசாகிப் பழசாகி லேசாக மஞ்சள் தட்டியிருக்கிறது. அதை வெள்ளை மூடியில் பொட்டு வைத்தால் க்ரீம் மாதிரி தெரியாமல் வேறு எப்படித் தெரியும்? காசிம் பாய் நெடுநேரம் டின்னுக்குள் பார்த்துவிட்டு, "கலரு கீது சார். கண்ணுக்குத்தான் தெர்ல" என்றார்.

நான் சுமதியைப் பார்க்கவில்லை. டின் மூடியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். என் கண்ணை நம்பி இத்தனை வருஷம் எத்தனை பேர் வண்டியைக் கொடுத்துவிட்டார்கள் என்ற நினைப்பு வந்தது. சுமதி மஞ்சள் பையை மேஜை மேல் வைத்தாள். "வீணாக்க வேணாம். ரெண்டு பேரும் ஜூஸ் போட்டுக் குடிங்க, வெயிலா இருக்கு."

பக்கத்துக் கார்

நடுவில் சிறுசேரியில் வேலை பார்க்கும் ஓர் இளைஞரைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். அவருடைய மாமா கொடுத்த பழைய கார் ஒன்று இருந்தது. அதற்குத் தானே பெயிண்ட் அடிக்கப்போவதாகவும், பழைய தின்னர் பெயிண்ட்தான் அசல் என்று வீடியோவில் பார்த்ததாகவும் சொன்னார். இருந்த கொஞ்சம் கறுப்பைக் கொடுத்தேன். காற்றோட்டமான இடத்தில், முகமூடி போட்டுக்கொண்டு, சுற்றிலும் மறைப்புக் கட்டிக்கொண்டுதான் அடிக்க வேண்டும் என்று சொன்னேன். "வீடியோலேயே சொல்லிட்டாங்க அங்கிள்" என்றார்.

அவர் அடித்தது தன் அபார்ட்மெண்ட் கார் பார்க்கிங்கில். முகமூடி போட்டிருந்தாராம். மறைப்பு கட்டவில்லை. அடுத்த வாரம் அசோசியேஷன் செயலாளரிடமிருந்து தப்பித்து நேராக என் கடைக்குத்தான் வந்தார். பாலிஷ் கேட்பார் என்று நினைத்தேன். அவர் கேட்டது விளக்கம்: "என் கார்ல சரியா புடிக்கவே இல்ல அங்கிள். பக்கத்து ஃபிளாட் வெள்ளைக் கார்லதான் சூப்பரா புடிச்சிருக்கு. ஏன்?"

நனைந்த செங்கல்

எலுமிச்சம்பழ ஜூஸ் குடித்த வாரம் மழை பிடித்துக்கொண்டது. பஸ் ஸ்டாப் அனுபவத்துக்குப் பிறகு நான் அந்தப் பக்கம் போவதில்லை. ஆனால் அன்று பேய் மழை. மனசு கேட்கவில்லை. போய் ஸ்டாப்புக்குச் சற்றுத் தள்ளி, கல்லூரி மாணவர்கள் யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு, ஓரமாக நிறுத்தி உட்கார்ந்திருந்தேன். கண்ணாடியில் ஆவி படிந்து வெளியே ஒன்றும் தெரியவில்லை. ஜன்னலை ஓர் அங்குலம் இறக்கினேன். குடைக்குள் இரண்டு பெண்கள் பேசிக்கொண்டு வந்தார்கள். ஒன்று சுமதியின் குரல்.

"அந்த பத்மினியப் பாரு மஞ்சு. அரக்கு. என் கல்யாணப் புடவை கலர், அப்படியே! இதே வண்டி எங்க வீட்லயும் ஒண்ணு நிக்குது, செங்கல் சூளை மாதிரி. இதெல்லாம் ரசனை இருக்கிற வீட்டு வண்டி..."

நான் மெல்லக் கண்ணாடியை முழுவதும் இறக்கினேன். சுமதி பேச்சை நிறுத்தினாள். கார் நம்பரைப் பார்த்தாள். மறுபடி என்னைப் பார்த்தாள். "எப்ப அடிச்சீங்க?" என்று கேட்டாள். அவள் கை கதவின் பிடியில் இருந்தது.

இந்த இடத்தில் நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்? ஒரு பொய் சொன்னால் ஏறிவிடுவாள். ஆனால் மழை விட்டு, தாம்பரம் பாலத்துக்கு அந்தப் பக்கமோ இந்தப் பக்கமோ வெயில் காய்ந்தால், அவள் உட்கார்ந்திருக்கும்போதே வண்டி அரக்கிலிருந்து செங்கலாக மாறும். சாயம் போகிற புடவையை அவள் கையிலேயே விற்ற மாதிரி. நான் உண்மையைச் சொல்லிவிட்டேன்: "அடிக்கல. நனைஞ்சிருக்கு."

சுமதி விரலால் பானெட்டைத் தொட்டுப் பார்த்தாள். முகத்தில் ஏமாற்றம் இருந்தது. ஆனால் கையை உடனே எடுத்துவிடவில்லை. ஷேர் ஆட்டோ வந்ததும் மஞ்சுவோடு ஏறிக்கொண்டு, அதிலிருந்து தலையை நீட்டிச் சொன்னாள்: "காயாம இருக்க வழி பண்ணுங்க. ஏறுறேன்."

காயாத மழை

மறுநாள் இதைக் காசிம் பாயிடம் சொன்னேன். அவர் டீயைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். சிரிப்பு அடங்கியதும், மூலையில் நான் பார்க்கப் பிடிக்காமல் சாக்குப் போட்டு மூடி வைத்திருந்த டின்னைக் காட்டினார். "அதான் டின்னு கீதே சார். பிரைமர் மேல க்ளியர வுட்டா, அந்த வண்டி எப்பவும் மழையில நின்னுகினு கீற மாதிரியே இருக்கும். ஒரு மாசமா பேஜார் பண்ணிகினு கீற, இத்த யோசிக்கல நீ?"

தொழில் முறைப்படி இது சரியில்லை. பிரைமருக்கும் க்ளியருக்கும் நடுவில் கலர் என்று ஒன்று வர வேண்டும். அதுதான் நான் விற்பது. அதில்லாமலே ஒரு கார் அழகாக இருந்துவிட்டால் நான் எதற்கு என்ற கேள்வியும் உள்ளே எழுந்தது. போதாததற்கு ஆர்.சி. புத்தகத்தில் க்ரீம் என்று இருக்கிறது. அதை மாற்ற ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு நடக்க வேண்டும். நடக்கலாம் என்று முடிவு செய்தேன். காசிம் பாய் அடிக்க அடிக்க, செங்கல் கறுத்து, சிவந்து, ஆழமாகி, கல்யாணப் புடவையாக மாறுவதை வாசலில் நின்று பார்த்தேன். அவ்வழியே போன தமிழாசிரியரும் நின்றார். நான் பெருமையாக, "ஐயா, நிறமும் அரக்கு, மேலே மெருகும் அரக்கு" என்றேன். அவர் காரைச் சுற்றி வந்து தலையாட்டிவிட்டு, என் முகத்தைப் பார்த்தார். "மகிழ்ச்சி. என் வெள்ளை அரக்கு எங்கே?"

முன் கேட்

வண்டியை எடுத்த அன்று சுமதி உடனே ஏறவில்லை. ஷெட்டுக்குள் பார்த்தால் போதாது, வெளிச்சத்துக்குக் கொண்டுவாருங்கள் என்றாள். அவள் கடையில் புடவை எடுக்க வருகிறவர்கள் எல்லோரும் அதைத்தான் செய்கிறார்கள். தெருவுக்குத் தள்ளிக்கொண்டு வந்தோம். தள்ளி நின்று பார்த்தாள், கிட்டே வந்து பார்த்தாள். மட்கார்டு ஓரத்தை, முந்தானையைத் தடவுவதுபோலத் தடவிப் பார்த்தாள். "கரை கொஞ்சம் வெளுத்திருக்கு. பரவால்ல, எடுத்துக்கலாம்" என்றாள். புதிதாக வாங்கி வந்த நாலு எலுமிச்சம்பழங்களை நான் டயருக்கு அடியில் வைத்தேன்.

இடது பக்கக் கதவு திறந்து மூடியது. கார் நேராக ஓடியது. குரோம்பேட்டையில் ஜவுளிக்கடை வாசலில் அதே வாட்ச்மேன் விசிலோடு ஓடி வந்தார். நான் பின் கேட் பக்கம் திருப்பப் போனேன். அவர் முன் கேட்டை அகலத் திறந்து, ஒரு சல்யூட் வைத்து, ஜன்னல் பக்கம் குனிந்து சுமதியிடம், "உங்க வண்டியா மேடம்? சூப்பரா கீது. முன்னாடி இதே மாதிரி ஒண்ணு வந்துச்சு மேடம், செங்கல் லோடு வண்டி, பாக்கவே சகிக்கல. யாருதுன்னே தெர்ல" என்றார். நான் ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சுமதி கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, கண்ணாடியில் பொட்டைச் சரிபார்த்துக்கொண்டு சொன்னாள்: "யாருதோ. பாவம்."

ஆக, ஆயுள் முழுக்கக் கலர் விற்றுப் பிழைத்தவனின் குடும்ப மானத்தைக் காப்பாற்றியது கலரே இல்லாத ஒரு டின்தான் என்பதை, தயவுசெய்து என் வாடிக்கையாளர்கள் காதில் போட்டுவிடாதீர்கள்.